பாதியில் திரும்பிய வைப்பர்

அத்தியாயம் 9

"இன்னும் ரெண்டு மணி நேரம்தான்," என்றான் சன்னாசி. "அதுக்கப்புறம் இந்தக் காடியை நெத்திலி டின்னுக்குள்ள அடைச்சிடலாம்லா அக்கா."

ஆயர் தாவார் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த அந்தப் பழைய இரும்புக் கடையில் காலை பத்து மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. கலாதேவி குடையைச் சன்னாசியிடம் கொடுத்துவிட்டு அவன் காடி என்று சொன்ன வெள்ளைக் காரின் முன்னால் போய் நின்றாள். முன் பம்பர் நசுங்கியிருந்தது. வலது பக்க விளக்கு இல்லை. சீட்டுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முன் கண்ணாடி மட்டும் முழுசாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு வெட்டும் எந்திரம் வரும், அதுவரைக்கும்தான் பொறுப்பேன் என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே விரலை மடக்கிச் சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருந்தார்.

கலாதேவி ஈப்போ நகரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் விபத்துகளை விசாரித்தவள். இப்போது அங்கேயே லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, ஒரு சன்னாசி. இதுதான் அவளுடைய துப்பறியும் நிறுவனம். சன்னாசி முன்பு வாடகைக் கார் ஓட்டியவன். பேருக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லாமல் மூன்று பிள்ளைகளுக்கு அப்பன்.

இந்த வழக்கில் அவர்களுக்கு மிஞ்சியது இந்தக் கார் ஒன்றுதான்.

போன வருஷம் நவம்பரில் ஒரு நாள், மாலை நாலு மணி, கொட்டுகிற மழை. கார் ரிப்பேர் பார்க்கும் பொமென் தேவன், பட்டறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். தோட்டத்துச் செம்மண் பாதையில் வந்து, மோட்டார் சைக்கிளைத் தார் ரோட்டில் ஏற்றினான். இந்த வெள்ளைக் கார் அவனை அடித்தது. ஓட்டியவர் திமோத்தி, பள்ளிக்கூட ஆபீசில் எழுதும் கிராணி, ஐம்பத்தெட்டு வயது. அவரே தேவனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

கோர்ட்டில் திமோத்தி ஒன்றும் வாதாடவில்லை. "என் பக்கத்து வைப்பர் ரொம்ப நாளாவே பாதிதான் துடைக்கும். சரி பண்ணாம விட்டது என் தப்பு. வலது பக்கம் எனக்குத் தெரியல," என்றார். கவனக்குறைவு என்று ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். லைசன்ஸும் போனது, வேலையும் போனது.

அவர் வெளியே வந்த மூன்றாம் நாள் தேவனின் மனைவி குமுதா பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்துவிட்டாள். "அது விபத்து இல்லக்கா. கொலை," என்றாள். அதற்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்தது. தேவன் சாவதற்கு இரண்டு வாரம் முன்பு திமோத்தி பட்டறைக்கே வந்து அவன் கையைப் பிடித்து இழுத்துச் சத்தம் போட்டிருக்கிறார். 'உன்னை இப்படியே விடமாட்டேன்டா' என்று அவர் கத்தியதைப் பட்டறையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் குமுதா போலீசில் புது ரிப்போர்ட் கொடுக்கப் போகிறாள். அதோடு சேர்த்து வைக்கக் கலாதேவியின் கடிதம் வேண்டும்.

சன்னாசி தவுக்கேயிடம் இரவல் வாங்கிய பேட்டரியை மாட்டினான். கலாதேவி சுவிட்சைத் தட்டினாள். டிரைவர் பக்க வைப்பர் ஒரு முனகலோடு எழுந்து, கண்ணாடியின் பாதிக்குப் போய், ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பியது. கீழே வந்தபோது பானெட் விளிம்பில் 'டொக்' என்று இடித்தது. மறுபடி பாதி. மறுபடி 'டொக்'.

"அந்த ஆளு சொன்னது நிஜம்தான்லா," என்றான் சன்னாசி. "பாதிதான் துடைக்குது. என் வீட்டுல நான் தரை துடைக்கிற மாதிரியே."

"வெளியே நின்னு பார்க்காதே. உள்ளே வா."

இரண்டு பெயின்ட் டின்களைக் கவிழ்த்துப் போட்டு, சீட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். டிரைவர் இடத்திலிருந்து பார்த்தால் வலது பக்கம் வெறும் தண்ணீர்ச் சுவர். அங்கே ஒரு யானை வந்து நின்றாலும் தெரியாது.

"வெளிச்சத்துக்கு எதிரா, சாய்வாப் பாரு. கண்ணாடியில என்ன தெரியுது?"

சன்னாசி கழுத்தை வளைத்தான். கண்ணாடியில் மெல்லிய கீறல்கள், விசிறி மடிப்பு மாதிரி வளைந்து வளைந்து, வலது ஓரம் வரைக்கும் போயிருந்தன.

"ரப்பர் தேஞ்சா உள்ளே இருக்கிற தகடு கண்ணாடியைக் கீறும்," என்றாள் கலாதேவி. "ஒரு நாள்ல இப்படி ஆகாது. வருஷக்கணக்குல ஆகியிருக்கு. அப்படின்னா?"

"அப்படின்னா..." சன்னாசி நிமிர்ந்தான். "இந்த வைப்பர் வருஷக்கணக்கா ஓரம் வரைக்கும் போயிருக்கு."

"இப்போ அது திரும்புற இடத்துல கீறல் இருக்கா? அழுக்குக் கோடு இருக்கா?"

"ஒண்ணுமே இல்லக்கா. சுத்தமா இருக்கு."

"ரொம்ப நாளாப் பாதிதான் துடைக்குதுன்னு கோர்ட்ல சொன்னாரு. பொய். யாரோ இதைக் கழட்டி, இடம் மாத்தி மாட்டியிருக்காங்க. அதுவும் கடைசியில, அதுக்கப்புறம் இது அதிகம் ஓடல."

அவள் இறங்கிப் போய் வைப்பரின் அடியிலிருந்த சின்னக் கறுப்பு மூடியைப் பெயர்த்தாள். உள்ளே ஒரு நட்டு. அந்த நட்டிலிருந்து வைப்பர் கைவரைக்கும் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. பளிச்சென்ற ரோஸ் நிறம். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"நெயில் பாலிஷ்."

"ஆலாமாக்! நகத்துக்குப் பூசினது போக மிச்சத்தை நட்டுக்குப் பூசியிருக்கான்."

"நட்டை முறுக்கினதும் இப்படி ஒரு கோடு போட்டு வைப்பாங்க. லூஸானா கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஆனா பொமென் எல்லாம் வெள்ளைப் பேனாவாலதான் போடுவாங்க. நெயில் பாலிஷுன்னா அது வீட்டுச் சாமான்."

"போலீஸ் காடியை மறுநாள் காலையிலதானே எடுத்துச்சு?" சன்னாசியின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "ஒரு ராத்திரி அவர் வீட்டு வாசல்லதான் நின்னிருக்கு."

கலாதேவி மூடியைக் கழற்றியும் திரும்பப் போட்டும் கைப்பேசியில் படங்கள் எடுத்தாள். கணக்குச் சரியாக வந்தது. நன்றாகத் துடைத்துக்கொண்டிருந்த வைப்பரை விபத்துக்குப் பிறகு வேண்டுமென்றே கெடுத்து, வலது பக்கம் தெரியவில்லை என்று சொன்னால் கொலை கவனக்குறைவாகிவிடும். தூக்குத் தண்டனை ஆறு மாதச் சிறையாகிவிடும். பொய் சொல்கிறவன் தனக்கு லாபமாகத்தான் பொய் சொல்வான், இருபது வருஷத்தில் அவள் வேறு மாதிரி ஒருவனைப் பார்த்ததில்லை.

கண்டுபிடித்த சந்தோஷம் மட்டும் வரவில்லை. குமுதா சொன்னது உண்மையென்றால் குமுதாவுக்கு என்ன திரும்பக் கிடைக்கப் போகிறது என்று யோசித்துக்கொண்டே தங்கள் காரில் ஏறினாள்.

*

திமோத்தியின் வீடு, முன்பு கித்தாத் தோட்டமாக இருந்த இடத்தில் இருந்தது. ரப்பர் மரங்கள் எல்லாம் போய், சுற்றிலும் செம்பனை. பிறகு தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசல் சுவரில் யாரோ கரியால் 'கொலைகாரன்' என்று எழுதி, அதை யாரோ தேய்த்து அழித்திருந்தார்கள். அழித்தும் படிக்க முடிந்தது.

கதவைத் திறந்தவள் அவருடைய மனைவி கெர்ட்ரூட். கலாதேவி முதலில் பார்த்தது அவள் விரல்களை. ஒட்ட வெட்டிய, பாலிஷ் பூசாத நகங்கள், ஊசி குத்திய தழும்புகள். கூடத்தில் தையல் மெஷினும் பள்ளிக்கூடச் சீருடைத் துணியும் கிடந்தன. திமோத்தி நெடிய மனிதர், ஒரு மூலையில் நாற்காலி போட்டு வெள்ளைப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கலாதேவி யார் என்று சொன்னதும் எழுந்து, அவளுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தான் நின்றார்.

"அண்ணே, உங்க வைப்பர் ரொம்ப நாளாப் பாதிதான் துடைச்சுச்சா?"

"ஆமாம்மா."

"இல்லண்ணே. கண்ணாடியில கீறல் இருக்கு. ஓரம் வரைக்கும் நல்லாத் துடைச்ச வைப்பர் அது. கோர்ட்ல நீங்க பொய் சொல்லியிருக்கீங்க. வைப்பரைக் கழட்டி மாத்தியிருக்கு."

திமோத்தி கையிலிருந்த பூண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, வெகு சாதாரணமாக, "ஆமா. நான்தான் மாத்தினேன்," என்றார்.

"எதுக்கு?"

"நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதுக்குத்தான். எழுதிக்குங்க."

"கொலைன்னு எழுதிக்கட்டுமா?"

"உங்க இஷ்டம்மா."

சன்னாசி திரும்பிக் கலாதேவியைப் பார்த்தான். இவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்த குற்றவாளியை அவன் கண்டதில்லை. கலாதேவியும் கண்டதில்லை. கைப்பேசியை எடுத்து, மூடி போட்டிருந்தபோது எடுத்த வைப்பர் படத்தைக் காட்டினாள்.

"நீங்க கழட்டின நட்டு இதுல எங்கேண்ணே இருக்கு? தொட்டுக் காட்டுங்க."

திமோத்தி குனிந்து பார்த்தார். விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் அலைந்தது. பிறகு வைப்பரின் நடுவில், ரப்பர் மாட்டும் கொக்கியைத் தொட்டார்.

"அங்கே நட்டே கிடையாதுண்ணே," என்றான் சன்னாசி மெதுவாக. அவன் குரலில் கிண்டல் இல்லை.

கலாதேவியின் இருபது வருஷக் கணக்கு அந்த இடத்தில் உடைந்தது. இந்த மனிதர் பொய்தான் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு பொய்யும் அவர் தலையிலேயே விழுகிறது. கோர்ட்டில் சொன்னதும் அப்படித்தான். வைப்பர் அன்றைக்குத்தான் கெட்டது என்று சொல்லியிருந்தால் ஜெயிலே இல்லாமல் போயிருக்கலாம். ரொம்ப நாளாகவே கெட்டிருந்தது என்று சொல்லி வலியப் போய் ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறார்.

யாருக்காக?

அவள் கண் கூடத்தைச் சுற்றி வந்து தையல் மெஷினில் நின்றது. எழுந்து கிட்டத்தில் போனாள். மெஷினின் சக்கரத்தைப் பிடித்திருந்த நட்டில், பளிச்சென்று, ஒரு ரோஸ் கோடு.

"அக்கா, இந்த மெஷினை யார் ரிப்பேர் பண்ணினது?"

கெர்ட்ரூட் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"எத்தனை நாளைக்கு?" என்று அவரிடம் கேட்டாள் கெர்ட்ரூட். "ஆறு மாசம் ஜெயில்ல இருந்தீங்க, வாயைத் திறக்கல. செவுத்துல எழுதிட்டுப் போறான், நான் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். இப்போ கொலைங்கிறாங்க, அதுக்கும் ஆமாங்கிறீங்க. என்னால முடியாது." கலாதேவி பக்கம் திரும்பினாள். "தேவன். இந்த மெஷினைச் செஞ்சது தேவன். எங்க காடி வைப்பரை மாத்தினதும் தேவன்."

திமோத்தி தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவரே சொன்னார்.

"நானும் அவனும் ஒரே தோட்டம்மா. எனக்குத் தம்பி மாதிரி. சர்க்கரை அவன் கண்ணைப் பிடிச்சிருச்சு. போன வருஷம் நடுவுலயே மங்க ஆரம்பிச்சிட்டுது. வெள்ளைக் கோடு தெரிய மாட்டேங்குதுண்ணே, ரோஸுதான் கொஞ்சம் தெரியுதுன்னு நெயில் பாலிஷ் வாங்கி வச்சிருந்தான். டாக்டர்கிட்ட வாடான்னு பட்டறைக்கே போயிக் கையைப் பிடிச்சு இழுத்தேன். வரமாட்டேன்னான். உன்னை இப்படியே விடமாட்டேன்டான்னு கத்திட்டு வந்தேன்."

"குமுதாவுக்குத் தெரியாதா?"

"அவளுக்குத் தெரிஞ்சா வேலைக்கு விடமாட்டாண்ணே, மகளுக்குப் பரீட்சை முடியட்டும், அதுக்கப்புறம் போறேன், நீங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நானும் கொடுத்தேன்."

"அந்த நாள் என்ன நடந்துச்சு?"

"வைப்பர் ஓரத்துல போயி டக்கு டக்குன்னு இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சின்ன வேலை. வேற யார்கிட்டயாவது போயிருக்கலாம். அவனுக்கு வேலை குறைஞ்சு போச்சேன்னு அவன்கிட்டயே கொண்டுபோனேன். வைப்பர் மாட்டுற ஆணியில மயிரிழை மாதிரி பல்லு இருக்குமாம். ஒரு பல்லு தள்ளினாப் போதும்னான். எத்தனை தள்ளினான்னு அவனுக்கே தெரியல. கொஞ்சம் தாழ்வா இருக்கேடான்னேன். அப்படித்தான்ணே இருக்கும்னான். போட்டுப் பார்ப்போம்னேன். காய்ஞ்ச கண்ணாடியில ஓட்டினா ரப்பர் போயிரும், மழையில பார்த்துக்குங்கன்னான்."

அவர் நிறுத்தினார். கெர்ட்ரூட் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"கடையில ரொட்டி வாங்கிட்டுக் கிளம்பினேன். மழை வந்துச்சு. வைப்பரைத் தட்டினேன். பாதியில திரும்புது. அடுத்த மரத்தடியில நிப்பாட்டிடலாம்னு நினைச்சேன். நூறு அடிகூட இருக்காது. அப்பவே நிப்பாட்டியிருக்கணும். வலது பக்கத்துல இருந்து வந்தான். நான் அவனைப் பார்க்கல. அவனும் என்னைப் பார்க்கல. அந்தக் கண்ணோட எப்படிப் பார்ப்பான்?"

"இதைக் கோர்ட்ல சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றான் சன்னாசி.

"சொன்னா? செத்தவன் தன் கையாலயே தன்னைக் கொன்னுக்கிட்டான்னு பேப்பர்ல போடுவான். அவன் மக நான் வேலை செஞ்ச பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவா. கண்ணு தெரியாம வேலை பார்த்தான், மோட்டார் ஓட்டினான்னு ஊரே பேசும். என்னைப் பேசட்டும். எனக்கு வயசாச்சு." நிமிர்ந்து கலாதேவியைப் பார்த்தார். "குமுதாகிட்ட சொல்லாதீங்கம்மா."

"சொல்லுங்க," என்றாள் கெர்ட்ரூட்.

*

கார் தோட்டத்து ரோட்டைத் தாண்டியது. சன்னாசி கேட்டான்: "அந்தக் கண்ணாடியையும் வைப்பரையுமாவது கழட்டி வைக்கச் சொல்லவா? நமக்குச் சாட்சி அதுதானே."

தவுக்கேயைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கேட்டான். கைப்பேசியை மடியில் வைத்தான்.

"எந்திரம் சீக்கிரமே வந்துருச்சாம். வெட்டியாச்சாம்."

கலாதேவியிடம் இப்போது இருந்தது கைப்பேசியில் நாலு படமும், சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட ஒரு மனிதரும்தான். கடிதத்தில் கொலை என்று எழுதினால் குமுதா நம்புவாள், ஒரு மனிதர் மறுபடி உள்ளே போவார், அவர் வாயும் திறக்கமாட்டார். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினால் குமுதா வேறு ஆளைத் தேடுவாள். உண்மையைச் சொன்னால் குமுதாவிடம் மிஞ்சியிருப்பதும் போய்விடும்.

சாயங்காலம் ஐந்தரை மணி. ஆயர் தாவார் கடைவரிசைக்கு எதிரே, கையுறைத் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் குமுதா வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் காத்திருந்தாள். நீலச் சீருடை, தோளில் சாப்பாட்டுப் பை. கலாதேவியைக் கண்டதும் வேகமாக எழுந்து வந்தாள்.

"கடுதாசி கொண்டுவந்தீங்களாக்கா?"

"உட்காரும்மா."

கெர்ட்ரூட் கேட்டுக்கொண்டபடியே கலாதேவி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. குமுதா நடுவில் ஒரு தடவை வெடித்தாள்: "அந்த ஆளு உங்களையும் வளைச்சிட்டாரா?" கலாதேவி ரோஸ் கோட்டின் படத்தைக் காட்டினாள். குமுதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலாதேவி அவளுடைய புருஷனின் கண்ணைப் பற்றிச் சொல்லி முடித்தபோது அவளிடம் கோபம் இல்லை.

"சட்டைப் பொத்தானை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வருவாரு," என்றாள் குமுதா. "குழம்புன்னு நினைச்சு ரசத்தை ஊத்திக்குவாரு. தண்ணிச் செம்பைத் தட்டி விட்டுருவாரு. கண்ணு என்ன அவிஞ்சா போச்சுன்னு திட்டுவேன். சிரிப்பாரு."

எதிர்க்கடையில் ஷட்டரை இறக்கினார்கள். சன்னாசி காரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில எந்திரிச்சதும் முதல்ல அந்தத் திமோத்தியைத்தான் திட்டுவேன்க்கா. நல்லா வாய்விட்டுத் திட்டுவேன். அப்புறம்தான் பல்லே விளக்குவேன். அதுல ஒரு தெம்பு வரும், மகளை எழுப்பி, சோறு ஆக்கி, வேலைக்கு வருவேன். நாளைக்குக் காலையில நான் என்ன பண்றது?"

கலாதேவி அவள் தோளைத் தொடக் கை நீட்டினாள். குமுதா கொஞ்சம் விலகி உட்கார்ந்தாள்.

"போலீஸுக்குப் போறியா?"

குமுதா இல்லை என்று தலையாட்டினாள். தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. உள்ளே இருந்து ஒருத்தி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குமுதா பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"அந்த ஆளுகிட்ட ஒண்ணு சொல்லிடுங்கக்கா. நிஜம் எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. தெரிஞ்சும் நான் அவரைத்தான் திட்டப் போறேன்னும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரைத் திட்ட எனக்கு வாய் வராது."

"சொல்றேம்மா," என்றாள் கலாதேவி.

கதவு மூடிக்கொண்டது. பஸ் புறப்பட்டது. சன்னாசி வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டான். எங்கே போகவேண்டும் என்று அவன் கேட்கவில்லை. காரைத் திமோத்தியின் வீட்டுப் பக்கம் திருப்பினான்.